‘சிஎஸ் கிடைக்கலையா?’

என்ஐடியில் இடம் கிடைத்திருக்கிறது என்று திருச்சியில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: “என்ன பிராஞ்ச்?” கெமிக்கல், மெட்டலர்ஜி, புரொடக்‌ஷன் என்று பதில் வந்தால் கேட்டவரின் குரல் ஒரு படி இறங்கிவிடும். “ஏம்ப்பா, சிஎஸ் கிடைக்கலையா?” வாழ்த்த வந்தவர் துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்.

2024 ஜூலையில் பச்சைமலையைச் சேர்ந்த ஒரு மாணவி செய்திகளில் வந்தார். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர். ஜேஇஇ மெயின் தேர்வில் தேறி, திருச்சி என்ஐடியில் வேதிப் பொறியியலில் சேர்ந்தார். கட்டணத்தை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. அவர் ஏன் அந்தப் பிரிவை எடுத்தார் என்பது அவருடைய விஷயம். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அப்படிப்பட்ட செய்தியைப் படித்த பிறகும் “பாவம், கெமிக்கல்தான் கிடைச்சுதா” என்று கேட்கத் தோன்றுகிறதே, அந்த மனநிலையோடுதான் என் வழக்கு.

அந்த மனநிலைக்கு ஒரு சட்டப் புத்தகம் உண்டு. யாரும் அச்சிடாவிட்டாலும் எல்லாருக்கும் மனப்பாடம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் எடு, எந்தக் கல்லூரியானாலும் எடு. கிடைக்காவிட்டால் பெயரில் ஏஐ, டேட்டா, சைபர் என்று ஏதாவது ஒட்டியிருப்பதை எடு. அதுவும் இல்லையா, இசி. மிச்சமெல்லாம் மார்க் குறைந்தவர்களுக்கு. பொண்ணாக இருந்தால் மெக்கானிக்கல் பக்கமே போகாதே. எது படித்தாலும் கடைசியில் ஐடிக்குத்தான் போகப் போகிறாய்.

இந்தச் சட்டத்துக்கு ஆதாரமாக நீட்டப்படுவது கட்-ஆஃப் பட்டியல். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200க்கு இவ்வளவு என்று நம் கவுன்சலிங்கில் ஓர் எண் வருகிறது. ஜேஇஇயில் அதுவே ரேங்க். எந்தப் பிரிவு முதலில் நிரம்புகிறதோ அதுதான் நல்ல பிரிவு என்று முடிவு கட்டுகிறார்கள். கட்-ஆஃப் சொல்வது வேறு. போன ஆண்டு பிள்ளைகளும் பெற்றோர்களும் எதன் பின்னால் ஓடினார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அவர்கள் எதை வைத்து ஓடினார்கள்? அதற்கு முந்தைய ஆண்டுக் கட்-ஆஃபை வைத்து. இந்தச் சுற்றுக்குள் ஓர் இடத்திலாவது யாராவது ஒரு பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தார்களா என்றால் இல்லை. 190 வைத்திருக்கும் பிள்ளை 165க்குக் கிடைக்கிற படிப்பை எடுத்தால் இருபத்தைந்து மார்க்கை வீணடித்துவிட்டதாக வீட்டில் ஒப்பாரி. மார்க் என்ன ரொக்கமா, முழுவதையும் கடையிலேயே செலவழித்துவிட்டு வர?

பச்சைமலைக்காரர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மரவள்ளிக்கு ஓராண்டு நல்ல விலை கிடைத்தால் அடுத்த பருவத்தில் ஆளாளுக்கு மரவள்ளி போடுவார்கள். கிழங்கு முற்ற எட்டு, பத்து மாதம் ஆகும். பறிக்கும் நேரத்தில் எல்லார் காட்டிலும் கிழங்கு. வியாபாரி சொன்னதே விலை. அடுத்த ஆண்டு பாதிப்பேர் வேறு பயிருக்குப் போய்விடுவார்கள், அப்போது பார்த்து விலை ஏறும். இன்ஜினியரிங்குக்கும் இதே கணக்குதான். முற்றுவதற்குப் பத்து மாதமல்ல, நான்கு ஆண்டு. இது என் கற்பனையல்ல. ஹார்வர்டு பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976இல் அமெரிக்கப் பொறியாளர்களை வைத்து எழுதிய ஆய்வுக்கட்டுரையே இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் ஏறினால் மாணவர்கள் அந்தப் படிப்பில் குவிகிறார்கள், அவர்கள் படித்து முடித்து மொத்தமாக வெளியே வரும்போது சம்பளம் இறங்குகிறது, சேர்க்கையும் இறங்குகிறது, பிறகு ஆள் தட்டுப்பாட்டில் மறுபடி ஏறுகிறது.

நம் ஊரிலேயே இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2001இல் அமெரிக்காவில் டாட்காம் குமிழி உடைந்தபோது வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த சிஎஸ் பட்டதாரிகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் ஆலைகள் பெருகி, மெக்கானிக்கலுக்கு மவுசு வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் கடைசிக் காரை உருட்டி வெளியே விட்டது. அதே 2022இல் வளாகத் தேர்வில் எடுக்கப்பட்ட ஐடி மாணவர்கள் பலர் மறுபடியும் சேரும் தேதிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். இதில் எந்த ஆண்டின் செய்தியை நம்பி எந்த ஆண்டின் வேலைக்குப் படிப்பது?

திருச்சிப் பெற்றோர்களின் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது. திருவெறும்பூரில் 1965இல் தொடங்கிய பெல் கொதிகலன் ஆலை இந்த நகரத்தையே மாற்றியது. அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கத் துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் வற்றியபோது அந்தப் பட்டறைகளில் பல பூட்டிக் கிடந்ததை ஊரே பார்த்தது. பட்டறை வைத்திருந்த அப்பா மகனிடம் “இந்தப் பக்கமே வராதே” என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் அவர் பார்த்தது மெக்கானிக்கல் என்ற படிப்பின் சாவை அல்ல. ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஒரு தொழில்வட்டாரத்தின் இடறலை. மகனை ஒரே வேலைச் சந்தையை நம்பிய வேறொரு கூட்டத்துக்குள் தள்ளிவிடுவது அந்த அனுபவத்திலிருந்து கற்றதாகாது.

அடுத்து, “எது படிச்சாலும் கடைசியில் ஐடிதானே.” இந்த வாதத்தை நான் ரசிக்கிறேன், ஏனென்றால் இது தன் வாலைத் தானே விழுங்குகிறது. எந்தப் பிரிவில் படித்தாலும் ஐடிக்குப் போகலாம் என்றால் ஐடிக்குப் போக சிஎஸ்தான் வேண்டும் என்பது எப்படி? பெரிய ஐடி நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரும்போது பல பிரிவுகளையும் உட்கார வைக்கின்றன. எடுத்தபின் மாதக்கணக்கில் தாங்களே பயிற்சி கொடுத்துக்கொள்கின்றன. டிசிஎஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009 முதல் 2017 வரை அதை நடத்திய என். சந்திரசேகரன் கோவை சிஐடியில் பயன்முறை அறிவியல் படித்து, அன்று ஆர்இசி என்ற பெயரில் இருந்த இதே திருச்சிக் கல்லூரியில் எம்சிஏ முடித்தவர். அவருக்குப் பின் வந்த ராஜேஷ் கோபிநாதன் இதே கல்லூரியில் மின்பொறியியல். அவருக்குப் பின் 2023இல் வந்த கிருத்திவாசன் கோவை சிஐடியில் மெக்கானிக்கல். நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தை வரிசையாக நடத்திய மூவரில் ஒருவர்கூட பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. (சுந்தர் பிச்சை உலோகவியல் படித்தவர் என்ற வாட்ஸ்அப் வாதத்துக்கு நான் போகப் போவதில்லை. உச்சியில் நிற்கும் நான்கு பேரைக் காட்டி நாலு லட்சம் பேருக்கு வழி சொல்ல முடியாது. மேலே சொன்ன மூவரையும் வழிகாட்டிகளாகக் காட்டவில்லை. ‘சிஎஸ் மட்டும்தான்’ என்ற விதி அது பிறந்த வீட்டிலேயே செல்லுபடியாகவில்லை என்பதற்குச் சாட்சியாகத்தான் அழைத்தேன்.)

என் கோபம் உண்மையில் சட்டத்தின் முதல் வரி மீதுதான்: “எந்தக் கல்லூரியானாலும்.” பிரிவு பெரிது, கல்லூரி சிறிது என்கிற இந்தத் தலைகீழ்ப் பாடம் செய்த சேதத்துக்கு அளவே இல்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தார்; அண்ணா பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. காகிதத்தில் மட்டும் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் ஆல்கரிதம் படித்தால் என்ன, அடுப்புக்கரி பற்றிப் படித்தால் என்ன? அதே 2024-25 கல்வியாண்டில் ஏஐசிடிஇ, நன்றாக நடக்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்றிருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. விளைவு தெரிந்ததே: கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்கள் பெருகின, சிவிலும் மெக்கானிக்கலும் சில கல்லூரிகளில் சத்தமில்லாமல் மூடப்பட்டன. இடத்தைக் கூட்டுவது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை. ஆசிரியரை உருவாக்கப் பத்தாண்டு வேண்டும். ஆக, வாங்கக் கூட்டம் நிற்கிற சரக்கின் தரம்தான் முதலில் நீர்த்துப்போகிறது.

மலையிலிருந்தோ கிராமத்திலிருந்தோ வீட்டின் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு இது இன்னும் உயிர்நாடியான விஷயம். அப்பா வழியாக ஒரு சிபாரிசு, சித்தப்பா வழியாக ஒரு இன்டர்ன்ஷிப் என்று அந்தப் பிள்ளைக்கு எதுவும் வரப்போவதில்லை. அதற்குக் கிடைக்கிற ஒரே உறவுக்கூட்டம் கல்லூரிதான்: விடுதியில் பக்கத்து அறை சீனியர், உண்மையிலேயே வகுப்புக்கு வருகிற பேராசிரியர், இரவு வரை திறந்திருக்கும் நூலகம், நாடு முழுவதிலிருந்தும் வந்து சேர்ந்த சக மாணவர்கள். இவை வேதிப் பொறியியல் வகுப்பிலும் அப்படியே கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை முதல் இரண்டு செமஸ்டர் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும். அதற்குத் தோள் கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிராஞ்சின் பெயர் அதற்குப் பதில் சொல்லாது.

சரி, அந்த வேதிப் பொறியியல் என்பதுதான் என்ன? பிளஸ் டூ வேதியியலின் பெரிய அண்ணன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோதனைக் குழாயில் ஒரு கிராம் செய்வது வேதியியல். அதையே நாளுக்கு நூறு டன், ஒரே தரத்தில், ஆள் சாகாமல், ஆறு கெடாமல், நஷ்டப்படாமல் செய்வது வேதிப் பொறியியல். அது ஓடுகிற திரவத்தின் கணக்கு, வெப்பம் கைமாறுகிற கணக்கு, கலந்ததைப் பிரிக்கிற கணக்கு.

பச்சைமலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால் இந்தப் படிப்பு அந்த மலைக்கு எவ்வளவு நெருக்கம் என்பது தெரியும். மலைக்காட்டில் விளையும் மரவள்ளி சேலம் மாவட்டச் சேகோ ஆலைகளுக்கு இறங்குகிறது. அங்கே கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, சலித்துத் திப்பியை ஒதுக்குகிறார்கள். மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, ஈரமாவை உருட்டி, வறுத்து, காயவைத்து ஜவ்வரிசி ஆக்குகிறார்கள். கழுவுதல், பிரித்தல், படியவைத்தல், உலர்த்துதல்: வேதிப் பொறியியல் மாணவர் பாடமாகப் படிக்கிற வேலைகள் இவை. மரவள்ளியில், அதிலும் தோலில், சயனைடைக் கக்கும் பொருள் இருக்கிறது. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரின் நாற்றம் ஆத்தூர்ச் சாலையில் போனவர்களுக்குப் பழக்கம். அந்தக் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுத்து ஆலையை ஓட்டுகிற முறையும் அங்கே நடப்பில் இருக்கிறது. அது யாருடைய வேலை? மலைக்குக் கிழக்கே இறங்கினால் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் டயர் ஆலை. எறையூரில் சர்க்கரை ஆலை. இன்னும் கிழக்கே டால்மியாபுரம் முதல் அரியலூர் வரை சிமென்ட் சூளைகள், உள்ளே வெப்பம் 1,450 டிகிரியைத் தொடும். தெற்கே மணப்பாறைப் பக்கம் மொண்டிப்பட்டியில் டிஎன்பிஎல்லின் அட்டை ஆலை. இவை எல்லாம் கைநிறையச் சம்பளம் கொடுத்து வாசலில் மாலையோடு நிற்கின்றன என்று நான் சொல்லவில்லை. தனியார் ஆலைகளில் தொடக்கச் சம்பளம் பல நேரம் வருத்தம் தரும் அளவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் “கெமிக்கலுக்கு என்ன ஸ்கோப்பு?” என்று கேட்பவர் இந்த வட்டத்துக்குள்தான் டயர் வாங்குகிறார், சிமென்ட் வாங்குகிறார், பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்குகிறார்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சிவில் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1836இல் கட்டிய முக்கொம்பு கொள்ளிட மதகுகளில் ஒன்பது 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தோடு போயின. 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 செப்டம்பரில் மூடியபோது சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ராஜகோபுரத்துக்கும் இடையே உள்ள தூரம் மாதக்கணக்கில் இரட்டிப்பானது. நெரிசலில் நின்று நெடுஞ்சாலைத் துறையைத் திட்டிய அதே வாய்தான் வீட்டுக்கு வந்து “சிவில் எல்லாம் இப்ப யாருப்பா படிக்கிறா?” என்கிறது.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் கேவலம். “ஃபேக்டரில பொம்பளப் புள்ள எப்படி வேலை பார்க்கும்?” ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஆலைகளின் அசெம்பிளி லைனில் ஷிப்டு ஷிப்டாக நிற்பவர்கள் யார்? ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் நம் கிராமங்களிலிருந்து போனவர்கள். பெண் ஆலையில் தொழிலாளியாக நிற்கலாம், விடுதியில் பத்துப் பேரோடு படுக்கலாம். அங்கே இன்ஜினியராக மேஜைபோட்டு உட்கார்ந்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடும். இது என்ன நியாயம்? கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா என்ற பெண் மின்பொறியியல் படித்து வெளியே வந்தது 1940களின் முற்பகுதியில். இளம் விதவை, கையில் குழந்தை. அவரோடு அதே காலத்தில் படித்த பி.கே. த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் எடுத்தது சிவில். த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். எண்பது ஆண்டுக்கு முன் அந்தப் பெண்களுக்கு இருந்த தேர்வுச் சுதந்திரத்தை 2025இல் துறையூரில் ஒரு மாமா பறிக்கிறார், அதுவும் அக்கறையின் பெயரால்.

இப்போது புதிதாக இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஏஐ வந்துவிட்டது, கோடிங் செத்தது, ஆகவே எல்லாரும் மெக்கானிக்கல், சிவில் போன்ற ‘கோர்’ பிரிவுகளுக்கு ஓடுங்கள் என்கிறது. இவர்களை என் பக்கத்து ஆட்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே ஜோசியம்தான், ராசி மட்டும் மாறியிருக்கிறது. கணக்கில் விருப்பமும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு நல்ல கல்லூரியில் சிஎஸ் கிடைத்தால் தாராளமாகப் படிக்கட்டும். அது அருமையான துறை. “மனசுக்குப் பிடிச்சதைப் படி” என்று உபதேசிப்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. லேத்தைக் கண்ணால் பார்க்காத, உலையின் பக்கம் போகாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு உலோகவியல் மீது எப்படி ஆசை வரும்? நம் பள்ளிகள் அதற்கு வழியே வைக்கவில்லை. ஆசை பெரும்பாலும் மூன்றாவது செமஸ்டரில், கை வைத்த பிறகுதான் வருகிறது. சாய்ஸ் பூர்த்தி செய்யும் வாரத்தில் செய்யக்கூடிய காரியம் வேறு, சாதாரணமானது: கல்லூரி இணையதளத்தில் அந்தப் பிரிவின் நான்காம், ஐந்தாம் செமஸ்டர் பாடங்களை உட்கார்ந்து வாசிப்பது, ஆசிரியர் பட்டியலைப் பார்ப்பது, மூன்றாம் ஆண்டு படிக்கும் யாராவது ஒருவரிடம் லேப் நடக்கிறதா என்று கேட்பது. ஜேஇஇக்கு இரண்டு ஆண்டு கண்விழித்தவர்கள் இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவதில்லை.

மிச்சமிருப்பது காசு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முதல் சம்பளம் முக்கியம், உபதேசம் செய்யாதே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆகவே காசையே பேசுவோம். என்ஐடிகளில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் மற்றவர்களுக்கும் கிடையாது. ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மாநிலப் பொறியியல் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை மாநில அரசு கட்டுகிறது. படிப்பு முடிந்தபின் கேட் தேர்வு எழுதி எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதே கேட் மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் தேடுவது மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல், சிவில் ஆட்களை. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் இருப்பவை நான்கே பிரிவுகள்: சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அங்கே தனித் தாளே இல்லை.

இந்தக் கணக்கை ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம், என்ஐடியில் கிடைத்த ‘மட்டமான’ பிரிவை விட்டுவிட்டு, பெயர் தெரியாத கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சிஎஸ் வாங்க நகையையோ அரை ஏக்கரையோ அடகு வைப்பதும் மீதிக்குக் கல்விக் கடன் வாங்குவதும். அந்தக் கடனுக்குத் தவணை, படிப்பு முடிந்த ஓராண்டில், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தொடங்கிவிடும்.